சுவருக்கு மேலே நின்ற படகு

மகனே,

பம்பாயிலிருந்து நீ ஆங்கிலத்தில் எழுதிய நாலு வரி வந்து சேர்ந்தது. பெரியப்பா கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்கிறாராம். காரணம் கேட்டால் உன் அம்மாவைக் கேள் என்கிறாராம். "அவரை என்ன செய்தாய்?" என்று கேட்டிருக்கிறாய். செய்தேன். ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதி உன் வயிற்றில் பால் வார்க்கும் எண்ணம் எனக்கு இல்லை. செய்ததை முழுவதுமாக எழுதுகிறேன், தமிழிலேயே எழுதுகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், ஒரு பக்கம் தாண்ட அரை மணி நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆகட்டும். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மடித்து வைக்கிற விஷயம் இல்லை இது. கல்யாணத்துக்கு முன் பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற அம்மாக்கள் புத்தி சொல்வார்கள், தாங்கள் செய்த தவறுகளைச் சொல்லி மன்னிப்பும் கேட்பார்கள். புத்தியை நடுநடுவே சொல்கிறேன். மன்னிப்பை எதிர்பார்க்காதே.

நம் வீட்டுக் கதை என்று உனக்குச் சொல்லப்பட்டது எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்பா அணையில் மீன் பிடிக்கப் போனார், அம்மாவும் பெரியப்பாவும் கூடப் போனார்கள், துடுப்பு அம்மா கையில் இருந்தது, காற்று வந்ததும் அம்மா பயந்து துடுப்பை விட்டுவிட்டாள், படகு சரிந்தது, அப்பா தண்ணீரில் விழுந்து போய்விட்டார். அதுதானே? உன் பத்து வயதில் தன் போபோடி வீட்டில் உன்னை மடியில் உட்கார வைத்து பெரியப்பா சொன்னது அது. பாவம் உங்க அம்மா, அவளும் பொம்பளதானே என்றுகூடச் சொல்லியிருப்பார். அவருடைய இரக்கத்துக்கு எப்போதும் குறைச்சல் இல்லை. சனிக்கிழமைகளில் நீ கசார்வாடியில் என் அறைக்கு வரும்போது கதவை ஒட்டி உட்காருவாய், செருப்பைக் கழற்ற மாட்டாய். நான் ஊட்ட வந்தால் கையைத் தட்டிவிட்டுத் தட்டை வாங்கிக்கொள்வாய். அது ஏன் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. என் புருஷனைத் தண்ணீர் கொண்டுபோனது. உன்னைக் கொண்டுபோனது அந்த மனிதரின் வாய்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் ரயில் ஏறிவிடுவோம். காம்ஷேத்தில் இறங்கி, எஸ்டி எனும் அரசு பஸ் பிடித்தால் பவனா அணை. அணை கட்டி அதிக காலம் ஆகவில்லை. தண்ணீருக்குள் ஊர்கள் கிடந்தன. கல் சுவர்கள், கிணறுகள், வெட்டாமல் விட்ட மரங்கள் எல்லாம் அப்படியே உள்ளே நின்றன. அந்தச் சுவர்களை ஒட்டித்தான் பெரிய மீன்கள் கூடும். சுவருக்கு நேர் மேலே படகு நின்றால் கட்லா, ரோகு என்று தூண்டில் ஓயாது. இரண்டு முழம் விலகினால் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒன்றும் கிடையாது. நங்கூரம் போடவும் வழி இல்லை. போட்டால் சுவரிலோ மரத்திலோ மாட்டிக்கொள்ளும், திரும்ப வராது. அதனால் ஒருவர் மீன் பிடிக்க வேண்டும், ஒருவர் துடுப்பாலேயே படகை அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டே இருக்க வேண்டும். உன் அப்பா மீன் பிடித்தார். நான் நிறுத்தினேன்.

எங்கள் தூத்துக்குடிப் பக்கத்தில் பெண்கள் படகில் ஏற மாட்டார்கள். ஏறுவது என்ன, கரையில் கிடக்கும் படகைத் தாண்டிக்கூடப் போகமாட்டோம். கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும் நான் துடுப்பைத் தொட்டது பூனாவுக்கு வந்த பிறகுதான். இங்கே நம்மைப் பார்த்துக் குறை சொல்ல யார் இருக்கிறார்கள் என்று உன் அப்பா சிரித்துக்கொண்டே என் கையில் கொடுத்தார். முதல் மாதம் படகு பம்பரம் மாதிரி சுற்றியது. பிறகு பிடிபட்டுவிட்டது. படகின் கூரான முன்பக்கம் காற்றைப் பார்த்தே இருக்க வேண்டும். கரையில் இருக்கும் ஒற்றை மாமரமும் அதற்குப் பின்னால் தூரத்தில் திகோனாக் கோட்டையின் உச்சியும் ஒரே நேர்கோட்டில் தெரிய வேண்டும். இடது கைப் பக்கம் ஒரு கோயில் கலசமும் அதற்குப் பின்னால் ஒரு மலைச் சரிவும் அதேபோல ஒன்றின்மேல் ஒன்று தெரிய வேண்டும். இரண்டும் சேர்ந்தே தெரிகிற வரைக்கும் நீ சுவருக்கு மேலே இருக்கிறாய். மாமரம் ஒரு விரல் நகர்ந்தால் துடுப்பை ஒரு இழுப்பு. வேகமாக இழுக்கவே கூடாது. காற்று தள்ளிவிட்ட பிறகு சரிசெய்வதில்லை, தள்ளப் போகிறது என்று தெரியும்போதே சரிசெய்வது. வெளியே இருந்து பார்ப்பவனுக்கு நான் சும்மா உட்கார்ந்திருப்பதுபோலத் தோன்றும்.

உன் அப்பாவுக்கு இதில் தாங்க முடியாத பெருமை. ஒர்க்‌ஷாப்பில், கோயில் வாசலில், ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் எல்லாம் சொல்வார், எங்க வீட்டு நங்கூரம் இதுதான் என்று என்னைக் காட்டி. எனக்கு வெட்கமாக இருக்கும். உள்ளுக்குள் பிடித்தும் இருக்கும். இந்த இடத்தில் உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன். நீ கட்டப்போகிற ஜூலி ஏதாவது ஒன்றை உன்னைவிட நன்றாகச் செய்தால் அதை உன் அப்பாவைப் போல ஊருக்கெல்லாம் சொல். சொல்வதோடு நிற்காதே. உனக்குப் பிறகு அதையே அவள் கழுத்தில் சுருக்காக மாட்ட உன் வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்றும் பார்த்து வை. உன் அப்பா அதைப் பார்க்கவில்லை. படகைப் பிடித்து நிறுத்துகிறவள் நான்தான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால்தானே, உன் அப்பா முழுகியபோது யார் குற்றம் என்று யாருமே யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

எமர்ஜென்சி நடந்த வருஷம், மே மாதம். உன் பெரியப்பா அதுவரை எங்களோடு வந்ததே இல்லை. தம்பி இரண்டு கையாலும் மீன் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்துப் பொறுக்கவில்லை போலிருக்கிறது, தானும் வருகிறேன் என்றார். நங்கூரமாகப் போட, கையில் ஒரு தண்டவாளத் துண்டு. கசார்வாடிப் பழைய இரும்புக் கடையில் எடுத்தது. ஓட்டையில் பச்சை நைலான் கயிறு கோத்திருந்தார். கரையில் நின்ற படகுக்காரன் துக்காராம் அதைப் பார்த்துவிட்டு இங்கே அது வேண்டாம் என்று மராத்தியில் சொன்னான். உன் பெரியப்பா காதில் விழாததுபோல ஏறினார். நான் ஏறும்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். பொம்பளை துடுப்புப் பிடிக்கிற படகில் ஆம்பிளைகள் உட்கார்ந்து வருவதா, ஊரில் தெரிந்தால் காறித் துப்ப மாட்டார்களா என்றார். உன் அப்பா சிரித்தார். அவருக்கு எல்லாவற்றுக்கும் சிரிப்புத்தான்.

இடம் வந்ததும் அவர் உட்கார்ந்திருந்த பின்பக்கத்திலேயே தண்டவாளத்தை இறக்கி, அங்கேயே வளையத்தில் கயிற்றைக் கட்டினார். நான் சொன்னேன், முன்பக்கம் கட்டுங்கள், கயிற்றை நீளமாக விடுங்கள், பின்பக்கம் தட்டையாக இருக்கிறது, காற்று வந்தால் அலை அதன் வழியாகத்தான் உள்ளே ஏறும் என்று. "நீ பிறக்கும் முன்னாடியே நான் கடல் பார்த்தவன்" என்று என்னிடம் சொன்னார். அது உண்மைதான். பார்த்திருக்கிறார், கரையில் நின்று. கடலுக்குப் போன பரம்பரைதான், ஆனால் அவர் பதினைந்து வயதிலேயே ஓடிவந்து தொழிற்சாலையில் சேர்ந்தவர். உன் அப்பா என்னைப் பார்த்து, "இருக்கட்டும்ட்டி, ஒரு நாளுதான," என்றார். நான் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டேன். மீன் கடிக்கத்தான் செய்தது. உன் பெரியப்பா என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

மத்தியானத்துக்கு மேல் மேற்கே கறுத்தது. இந்தப் பக்கத்தில் பருவமழைக்கு முன்னால் வருகிற அந்தப் பேய்க் காற்று உனக்குத் தெரியும். ஏரி முழுக்க ஒரே நொடியில் நுரைத்தது. கட்டியிருந்த இடம் பின்பக்கம் என்பதால் படகு திரும்பி அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. கயிறு குட்டை, தண்டவாளம் சுவரில் மாட்டிக்கொண்டது. படகால் எழும்ப முடியவில்லை. ஒவ்வொரு அலையும் பின்பக்கத்தை அமுக்கிக்கொண்டு உள்ளே வந்தது. கயிற்றை அறுங்கள், அறுங்கள் என்று நான் கத்தினேன். மீன் அறுக்கிற கத்தி உன் பெரியப்பா காலடியில்தான் இருந்தது. அவர் இரண்டு பக்கமும் படகைப் பிடித்துக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். உன் அப்பா முடிச்சை அவிழ்க்கப் பின்னால் போனார். இரண்டு பேர் கனமும் ஒரே பக்கம் சேர்ந்ததும் பின்பக்கம் முழுசாக உள்ளே போயிற்று. அவர் தண்ணீரில் விழுந்ததைப் பார்த்தேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு தலை மேலே வந்ததையும் பார்த்தேன். அடுத்த அலை என்னை முன்பக்கப் பலகைக்குக் கீழே தள்ளியது. நான் எழுந்தபோது படகு விடுபட்டு, முக்கால்வாசித் தண்ணீரோடு கரையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. உன் பெரியப்பா இருந்தார். உன் அப்பா இல்லை. கயிறு அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் எதிர்க்கரையில் அவரை எடுத்தார்கள். மணிக்கட்டில் தோல் உரிந்து கிடந்தது. மீன் கடித்திருக்கும் என்றார்கள். அதற்குள் உன் பெரியப்பா போலீசுக்கும் பாதிரியாருக்கும் சொந்தக்காரர்களுக்கும் சொல்லி முடித்துவிட்டார். நங்கூரமே போடவில்லை, துடுப்பு அவள் கையில்தான் இருந்தது, பயந்து விட்டுவிட்டாள். துக்காராமை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் படகில் தண்டவாளத்தை ஏற்றினார்கள் என்றுதான் சொல்வான், போட்டதைப் பார்க்கவில்லையே. நான் காய்ச்சலில் கிடந்தேன். எழுந்து, தண்டவாளத்தைப் பின்பக்கம் போட்டார் என்று நான் சொன்னபோது என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். பித்துப் பிடித்தவளைத் தட்டிக்கொடுப்பார்களே, அதே மாதிரி. பொம்பளை ஏறிய படகு, வேறென்ன நடக்கும் என்று ஊரிலிருந்து வந்தவர்கள் என் காதுபடவே பேசினார்கள். என்னைத் தூத்துக்குடிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது நீ போபோடியில், பெரியம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னைப் பார்த்தாய். நான் கடக்கியில் பள்ளிக்கூட வேலைக்குச் சேர்ந்து, அறை எடுத்து, உன்னைக் கூப்பிட்டேன். நீ வர மாட்டேன் என்றாய். பிள்ளைக்கு இஷ்டம் இல்லாமல் எப்படி அனுப்புவது என்று உன் பெரியப்பா கையை விரித்தார். அன்றைக்கு நான் முடிவு செய்தேன், இந்த மனிதர் நிம்மதியாகச் சாகக் கூடாது என்று. கர்த்தரிடம் இதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்தாயா? அவருக்கும் தெரியும், நான் கேட்டதே இல்லை.

நீ இன்னொன்றும் அறிய மாட்டாய். கொஞ்ச காலம் போனதும் நான் மறுபடியும் அணைக்குப் போக ஆரம்பித்தேன். ஞாயிறு பிற்பகல் ஜெபக் கூட்டத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவேன். துக்காராம் படகைக் கொடுப்பான், ஒரு வார்த்தை கேட்க மாட்டான். நான் தூண்டில் எடுத்துப் போவதில்லை. சுவருக்கு மேலே போய், மாமரத்தையும் கோட்டையையும் சேர்த்து வைத்துக்கொண்டு, வெளிச்சம் மங்குகிற வரை படகை அங்கேயே நிறுத்திக்கொண்டிருப்பேன். காற்று அதிகமாக இருக்கிற நாளாகப் பார்த்துப் போவேன். நான் விடவில்லை என்று எனக்கே நிரூபித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பதினைந்து பேர் சேர்ந்து ஒரே பொய்யைச் சொன்னால் நம் கையையே நமக்குச் சந்தேகமாக இருக்கும்.

அப்புறம் ஒரு வருஷம் மழை பொய்த்தது. கோடையில் தண்ணீர் வடிந்து, சுவர்கள் வெளியே தலை நீட்டின. துக்காராம் என்னைச் சேற்றில் நடத்திக் கூட்டிக்கொண்டு போய், "வஹினி, ஹே பகா", அண்ணி இதைப் பாருங்கள் என்று காட்டினான். இரண்டு கல்லுக்கு நடுவே அந்தத் தண்டவாளம். ஓட்டையில் அதே பச்சைக் கயிறு, பாசி பிடித்து. அதன் மறுமுனையைக் கழுவிப் பார்த்தேன். அறுந்த கயிறு துடைப்பம் மாதிரி பிரிந்திருக்கும். இது ஒரே சீராக இருந்தது. கத்தியால் அறுத்தது. உட்கார்ந்து யோசித்தேன். அறுத்தது தப்பே இல்லை. அறு என்று நானேதான் கத்தினேன். அறுத்துப் படகைக் காப்பாற்றினேன் என்று அவர் மார்தட்டிக்கொண்டிருக்கலாம், ஊரும் மாலை போட்டிருக்கும். பிறகு எதற்காக நங்கூரமே போடவில்லை என்று சொன்னார்? தன்னைப் பெரிய மனிதனாகக் காட்டுகிற ஒரு விஷயத்தை உன் பெரியப்பா மறைத்தார் என்றால் அதற்குள் வேறு ஏதோ இருக்கிறது. அந்தக் கேள்வியைத்தான் இத்தனை காலம் வைத்திருந்தேன். அப்போதே வந்து உன்னிடம் சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? பெரியப்பாவிடம் போய்க் கேட்டிருப்பாய். அவர் இன்னொரு கதை சொல்லியிருப்பார். அதையும் நம்பியிருப்பாய். உன்மேல் கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன். இருக்கிறது. அது வேறு கணக்கு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது கல்யாணம் வந்தது. அழைப்பிதழில் பெரியப்பா பெயர் மேலே, என் பெயர் கீழே. கோயிலில் தகப்பன் ஸ்தானத்தில் உன் பக்கத்தில் பெரியப்பா நிற்பார் என்று நீ சொன்னாய். சமாளித்துக்கொள்ளுங்கள் அம்மா என்று வேறு சொன்னாய். சரி என்றேன். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் நிற்கும்போது, பாதிரியார் முன்னிலையில் அவரிடம் போனேன். கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் தம்பி போன இடத்தில் ஒரு மாலை போட்டுவிட்டு வருவோம் அத்தான், தகப்பன் ஸ்தானத்தில் நிற்கப் போகிறவர் நீங்கள்தானே வர வேண்டும் என்றேன். பாதிரியார் நல்ல காரியம் என்றார். பெரியம்மா கண்ணைத் துடைத்தாள். எப்படி மறுப்பார்?

மேற்கே மேகம் இருந்த நாளாகத்தான் கூட்டிப் போனேன், அதை ஒத்துக்கொள்கிறேன். படகில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் மடியில் ரோஜா மாலை, காலில் கல்யாணத்துக்கு வாங்கிய புது ஷூ. சுவருக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் மாலையைத் தண்ணீரில் போட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, போகலாம் என்றார். நான் படகைத் திருப்பவில்லை. காற்று ஏற ஆரம்பித்தது. மாலை எங்களை விட்டு விலகி வேகமாகப் போய் மறைந்தது. படகு போகவில்லை. முதலில் அவர் அதட்டினார். பிறகு எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறதம்மா என்றார். அலை இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டு போயிற்று, உள்ளே ஒரு கை தண்ணீர்கூட வரவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு அவர் கரையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், திரும்பவும் கரையைப் பார்த்தார். மாமரம் அசையவில்லை. அன்றைக்கு அடித்த அதே காற்றில் நான் படகை ஒரு முழம் நகரவிடாமல் வைத்திருந்தேன். துடுப்பை விட்டவள் என்று அவர் ஊரெல்லாம் சொன்ன அந்தக் கைதான். முங்கிவிடுவோம் என்று அவர் பயப்படவில்லை மகனே. நாங்கள் முங்கவில்லை என்பதைப் பார்த்துத்தான் அவருக்கு நடுக்கம் வந்தது.

"இந்த எடந்தான் அத்தான்," என்றேன். "கயித்த அறுத்தது நீங்கதான்னு எனக்குத் தெரியும். ஏன் மறச்சிய? அத மட்டும் சொல்லுங்க, கரைக்குப் போவோம்."

இல்லை என்றார். தெரியாது என்றார். அம்மா தாயே என்றார். கோட்டையையும் மரத்தையும் பார்த்துக்கொண்டு துடுப்புப் போட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, கடிகாரம் அவர் கையில்தான் இருந்தது. மழை விழ ஆரம்பித்தபோது அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். உன் அப்பா முடிச்சைத் தளர்த்துவதற்காகக் கயிற்றைக் கையில் சுற்றி இழுத்துப் பிடித்திருக்கிறார். விழுந்தபோதும் அது கையில் இறுகியபடியே இருந்திருக்கிறது; கயிற்றை அறுத்தால் படகு போய்விடும், அவர் தண்டவாளத்தோடு அங்கேயே கிடப்பார். அப்போதுதான் உன் பெரியப்பா கத்தியை எடுத்திருக்கிறார்.

"'இருண்ணே, கை மாட்டிக்கிட்டு'ன்னான். என் மூஞ்சியப் பாத்துச் சொன்னான். நான் இருக்கல. அறுத்துட்டேன்."

என் துடுப்பு நின்றது. அத்தனை காலத்தில் முதல் தடவையாக மாமரம் கோட்டையை விட்டு விலகியது. படகு சுழன்று ஒரு அலையை உள்ளே வாங்கிக்கொண்டது. அந்த நிமிஷம் நான் என்ன நினைத்தேன் என்று கேட்கிறாயா? அவரைத் தள்ளிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஒரு காலை ஊன்றிச் சாய்ந்தால் போதும். நான் நீந்திவிடுவேன், அவரால் முடியாது. அவரும் அதைத் தெரிந்துகொண்டு என்னைப் பார்த்தார். தள்ளு என்று கேட்பதுபோல இருந்தது. அதனால்தான் தள்ளவில்லை. அங்கே முடிந்துவிட்டால் அவருக்கு எல்லாம் லேசாகிவிடும். ஊர் வேறு, பாவம் இந்தப் பொம்பளை ஏறினாலே இப்படித்தான் என்று சொல்லும். துடுப்பை எடுத்துப் படகைத் திருப்பிக் கரைக்குக் கொண்டுவந்தேன். புது ஷூ சேற்றில் படாமல் துக்காராம் அவரைத் தூக்கி இறக்கினான். ரயிலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வந்தோம். சிஞ்ச்வட் தாண்டும்போது நான் ஒன்றுதான் சொன்னேன். என் மகன் ஒரு நாள் உங்கள் வீட்டுக்கு வருவான், என்னிடம் சொன்ன அதே வார்த்தைகளை, உங்கள் தம்பி சொன்னதையும் சேர்த்து, அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றேன். என்றைக்கு வருவான் என்று கேட்டார். தெரியாது என்றேன்.

ஆகவே அவரை நான் கல்யாணத்துக்கு வராதே என்று சொல்லவில்லை. அவராகத்தான் வர மாட்டேன் என்கிறார். கோயிலில் உன் பக்கத்தில் தகப்பன் ஸ்தானத்தில் நான் நிற்கிறேன். பொம்பளை நிற்கும் வழக்கம் இல்லை என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு. ஜூலிக்கு இதையெல்லாம் சொல், ஒன்றையும் மறைக்காதே. நீ எனக்கு எழுத வேண்டியது எதுவாக இருந்தாலும் அவரைப் பார்த்த பிறகு எழுது. என் வார்த்தையை நம்பு என்று உன்னிடம் நான் கேட்கப்போவதில்லை. நம்பாமலே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டாய். நீ நேரே போய் அவர் வாயால் கேட்டுக்கொள்.

நேற்று பெரியம்மாவைக் கோயிலில் பார்த்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் அத்தானுக்கு என்னவோ ஆகிவிட்டது, சாயங்காலம் ஆனால் சட்டையை மாற்றிக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார், பம்பாய்ப் பக்கத்திலிருந்து ரயில் வந்து நிற்கும் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று சந்து முனையைப் பார்க்கிறார், யாரும் வரவில்லை என்றதும் உட்காருகிறார், கடைசி ரயில் போகும்வரை சாப்பாட்டைத் தொடுவதில்லை என்று சொல்லி அழுதாள். யாருக்காகக் காத்திருக்கிறார் என்று கேட்டாள். தெரியவில்லையே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ போவாய், எனக்குத் தெரியும். இதைப் படித்து முடித்ததும் பையை எடுத்துக்கொண்டு தாதர் ஸ்டேஷனுக்கு ஓடுவாய். ஓடாதே. உன் அம்மா நான், உன்னிடம் முதல் தடவையாக ஒன்று கேட்கிறேன். இந்த வாரம் போக வேண்டாம். அடுத்த வாரமும் வேண்டாம்.

அம்மா